ஆகாயத்தில் அடுக்கிய ஊர்

"மாடி வீடு" என்ற சொல்லுக்கு நம் நாட்டில் ஒரு தனிக் கௌரவம் இருந்த காலம் உண்டு. ஊரில் ஒரே ஒரு மாடி வீடு இருக்கும். வழி கேட்பவர்களுக்கு அதுவே அடையாளம். அந்த வீட்டோடு சம்பந்தம் செய்துகொண்டவர்கள் அதைச் சொல்லாமல் சொல்லிக்கொள்வார்கள். இப்போது பட்டணங்களில் மாடிக்கு மேல் மாடியாக ஏறிக்கொண்டே போகிறது. "பத்தாவது மாடியில் குடியிருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் பொறாமைப்படுவதில்லை, "லிப்ட் ஒழுங்காக வேலை செய்கிறதா?" என்றுதான் அனுதாபத்தோடு விசாரிக்கிறார்.

உயர்ந்த கட்டிடங்களில் குடியிருப்பதைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. "அது புறாக்கூண்டு வாழ்க்கை, பக்கத்து வீட்டில் ஒருவர் இறந்துபோனால்கூடத் தெரியாது, மண்ணை மிதிக்காத குழந்தைகள் எப்படி வளரும்?" என்பது ஒரு கட்சி. "ஜனங்கள் பெருகுகிறார்கள், பூமி பெருகவில்லை, மேலே போவதைத் தவிர வேறு வழி என்ன?" என்பது மறு கட்சி. இரு கட்சியாரும் வீட்டின் உயரத்தைப் பற்றியே வாதம் செய்கிறார்கள். அந்த வீட்டிலிருந்து கீழே இறங்கி வந்தால் எதிரே என்ன இருக்கிறது என்பதை இருவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இதைத் தர்க்கம் செய்து ஸ்தாபிப்பதைவிட ஓர் உதாரணத்தைக் காட்டுவது சுலபம். சிங்கப்பூரில் தோ பாயோ என்று ஒரு பகுதி இருக்கிறது. என் தமக்கையும் அத்தானும் முப்பது வருஷத்துக்கு மேலாக அங்கே பன்னிரண்டாவது மாடியில் குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூட விடுமுறையில் மூன்று வாரம் அவர்களுடன் தங்கும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது. சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் வழக்கமாகப் பார்க்கும் வேடிக்கைகளை நான் அதிகம் பார்க்கவில்லை. தோ பாயோவின் தெருக்களிலேயே காலையும் மாலையும் நடந்துகொண்டிருந்தேன். அங்கே கண்டதையும், அந்த ஊரின் சரித்திரமாக அறிந்ததையும் நேயர்களுக்குச் சொல்கிறேன்.

சதுப்பு நிலம் ஊரான விதம்

சிங்கப்பூர் ஒரு சிறு தீவு. கடலைத் தூர்த்துச் சேர்த்த நிலத்தையும் கூட்டிப் பார்த்தால் அதன் பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர். 2024-ஆம் வருஷக் கணக்கின்படி அங்கே வசிப்பவர்கள் 60 லட்சம் பேர். சராசரி போட்டுப் பார்த்தால் சதுர கிலோமீட்டருக்கு எண்ணாயிரம் பேருக்கு மேல் ஆகிறது. ரஸ்தா, விமான நிலையம், துறைமுகம், காடு, நீர்த்தேக்கம் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிய பிறகு மனிதர்களுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளலாம்.

எழுபது வருஷங்களுக்கு முன் இந்தத் தீவில் ஏழை ஜனங்கள் வாழ்ந்த விதம் இரண்டு. நகரத்தின் நடுவில் கடைவீட்டு மாடிகளைப் பலகையால் தடுத்து, ஒரு தடுப்புக்கு ஒரு குடும்பமாக அடைந்து கிடந்தார்கள். நகரத்தின் விளிம்பில் தகரமும் ஓலையும் வேய்ந்த குடிசைகளில் வாழ்ந்தார்கள். மலாய் மொழியில் 'கம்போங்' எனப்படும் அந்தக் குடியிருப்புகளை அங்குள்ள தமிழர்கள் 'கம்பம்' என்பார்கள். பிரிட்டிஷார் காலத்தில் 1927-ல் ஏற்பட்ட நகர அபிவிருத்தி ஸ்தாபனம் 32 வருஷங்களில் கட்டிய வீடுகள் சுமார் 23,000.

1960-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்ற புதிய ஸ்தாபனம் தோன்றியது. லிம் கிம் சான் என்ற வியாபாரி அதன் முதல் தலைவர். கழகத்துக்கு ஒன்றரை வயது நிரம்புவதற்குள் பெரிய சோதனை வந்தது. 1961-ஆம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி புக்கிட் ஹோ சுவீ என்ற கம்பத்தில் தீப்பிடித்தது. நால்வர் உயிரிழந்தார்கள், சுமார் 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்து நின்றார்கள். வெந்து தணிந்த அதே இடத்தில் ஒரு வருஷத்துக்குள் அடுக்கு வீடுகளின் முதல் வரிசை எழுந்துவிட்டது. பழைய ஸ்தாபனம் 32 வருஷங்களில் கட்டியதற்கு ஏறக்குறைய சமமான வீடுகளைப் புதிய கழகம் மூன்று வருஷத்துக்குள் கட்டியது. 1965-க்குள் அந்தத் தொகை 54,000 ஆகிவிட்டது.

அந்த நாட்களில்தான் தோ பாயோவின் மேலும் கழகத்தின் பார்வை விழுந்தது. 'தோ' என்றால் ஹொக்கியன் சீனத்தில் பெரிய. 'பாயா' என்றால் மலாயில் சதுப்பு நிலம். பெரிய சதுப்பு என்ற அந்தப் பெயரே நிலத்தின் யோக்கியதையைச் சொல்லிவிடும். கறிகாய் பயிரிட்டவர்களும், பன்றியும் வாத்தும் வளர்த்தவர்களும் அங்கே குடியிருந்தார்கள். அவர்களை எழுப்பி, மேடுகளைச் சீவிப் பள்ளங்களைத் தூர்த்து, 1960-களின் மத்தியில் கட்டிட வேலையை ஆரம்பித்தார்கள். கழகம் அடி முதல் முடி வரையில் தானே திட்டமிட்டுக் கட்டிய முதல் நகரம் இதுதான். 1972-ல் எலிசபெத் ராணி சிங்கப்பூருக்கு விஜயம் செய்தபோது, 19 மாடியுள்ள 53-ஆம் நம்பர்க் கட்டிடத்தின் உச்சிக்கு அவரை அழைத்துச் சென்று ஊரைக் காட்டினார்கள். 1973-ல் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி நடந்தபோது விளையாட்டு வீரர்கள் தங்குவதற்கு இங்கேயே நான்கு கட்டிடங்களை ஒதுக்கினார்கள். வீரர்கள் ஊர் திரும்பியதும் அவற்றில் குடும்பங்கள் குடியேறின. இன்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தோ பாயோவில் வசிக்கிறார்கள்.

கீழ்த்தளத்தின் மகிமை

தோ பாயோவில் என் கவனத்தை முதலில் கவர்ந்தது கட்டிடங்களின் உயரம் அல்ல. அவற்றின் அடித்தளந்தான். பெரும்பாலான கட்டிடங்களில் தரைமட்டத்தில் வீடுகளே கிடையா. தூண்களும் தரையுமாக அந்த இடத்தைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். 'கீழ்த்தளம்' என்பதுதான் அதற்கு அங்குள்ள தமிழர்கள் வைத்திருக்கும் பெயர். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கலாம். காற்று தாராளமாக வீசுகிறது. சதுரங்கக் கட்டங்கள் வரைந்த கல் மேஜைகள் சில இடங்களில் இருக்கின்றன. பனியன் அணிந்த கிழவர்கள் மணிக்கணக்காக அங்கே காய் நகர்த்துகிறார்கள். சில கீழ்த்தளங்களில் பாலர் பள்ளியும், வேறு சிலவற்றில் முதியோர் கூடும் நிலையமும் நடக்கின்றன.

நான் தங்கிய இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டிடத்துக்கு அடுத்த கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மலாய்க் கல்யாணம் நடந்தது. முதல் நாள் இரவே பந்தல் துணி கட்டிவிட்டார்கள். காலையில் 'கொம்பாங்' என்னும் கைப்பறைகள் முழங்க மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். லிப்டுக்குப் போகிறவர்கள் கல்யாணத்தின் ஊடேதான் போக வேண்டியிருந்தது. போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு விருந்தில் உட்காரவைத்தார்கள். நாலு நாள் கழித்து அதே இடத்தில் ஒரு சீன முதியவரின் சவத்தை வைத்து மூன்று இரவுகள் விழித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு வந்திருந்த மலாய்ப் பெண்மணிகளில் இருவர் அங்கேயும் வந்து துக்கம் விசாரித்ததை நான் பார்த்தேன்.

"அக்கா! இது நம் வீட்டுத் திண்ணை மாதிரியல்லவா இருக்கிறது?" என்று கேட்டேன்.

"திண்ணை ஒரு வீட்டுக்குச் சொந்தம். இது நூறு வீட்டுக்குப் பொது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் பாஷை தெரியாமல் தவித்தேன். கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு தினமும் இங்கே வந்து உட்காருவேன். இந்த ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் இங்கே கிடைத்தவர்கள்தான்" என்றாள் என் தமக்கை.

நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சென்னையில் எழும் அடுக்கு வீடுகளிலும் இதே மாதிரி அடித்தளத்தைத் தூண்களின் மேல் திறந்து விடுகிறார்கள். ஆனால் அந்த இடம் முழுவதும் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் போய்விடுகிறது. தோ பாயோவில் கார்களுக்கென்று தனியாக மாடிக் கொட்டகைகள் கட்டிவிட்டு அடித்தளத்தை மனிதர்களுக்கு விட்டிருக்கிறார்கள். இரண்டு ஊரிலும் ஒரே மாதிரித் தூண்கள், ஒரே மாதிரித் தரை. ஓர் ஊரில் குழந்தைகள் அங்கே பந்து விளையாடுகின்றன, மற்றோர் ஊரில் "வண்டி வருகிறது, உள்ளே போ!" என்று காவற்காரர் குழந்தைகளை விரட்டுகிறார்.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது தோ பாயோவின் டிராகனை மறக்கக்கூடாது. வீடமைப்புக் கழகத்தில் வேலை பார்த்த கோர் இயன் கீ என்பவர் 1979-ல் அமைத்த விளையாட்டுத் திடல் அது. செம்மண் நிறத் தலையும் வளைந்த உடலுமாக ஒரு பெரிய நாகப்பிராணி மணலில் படுத்திருக்கிறது. அதன் முதுகெலும்பில் ஏறிச் சறுக்கிய குழந்தைகள் இன்று தங்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வருகிறார்கள்.

பத்து நிமிஷ நடை

என் தமக்கைக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. கார் ஓட்டத் தெரியாது. அவள் வீட்டில் காரும் இல்லை. ஆனால் அவள் யாருடைய தயவையும் எதிர்பார்க்காமல் தன் காரியங்களையெல்லாம் தானே பார்த்துக்கொள்கிறாள். இதன் ரகசியத்தை அறிய ஒருநாள் காலையில் கையில் கடிகாரத்துடன் அவள் பின்னால் சென்றேன்.

வீட்டுக் கதவைப் பூட்டி, லிப்டில் இறங்கிக் கீழ்த்தளத்தைக் கடக்க மூன்று நிமிஷம். அங்கிருந்து கூரை வேய்ந்த நடைபாதையில் நாலு நிமிஷம் நடந்தால் மார்க்கெட். கீரை, மீன், பூ, தேங்காய் எல்லாம் அங்கே கிடைக்கும். மார்க்கெட்டை ஒட்டியே உணவங்காடி. ஒரு காலத்தில் தெருவோரத்தில் தள்ளுவண்டி வைத்திருந்த பலகாரக்காரர்களை 1970-களிலும் 1980-களிலும் கூரையும் குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் உள்ள இத்தகைய அங்காடிகளுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று தீவு முழுவதும் இவை நூற்றுக்கு மேல் இருக்கின்றன. 2020-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்த அங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது. சீன முதலாளி நூடுல்ஸ் கிளறும் கடைக்குப் பக்கத்திலேயே தமிழர் ஒருவர் தோசை வார்க்கிறார். எதிரில் ஒரு மலாய் அம்மாள் தேங்காய்ப்பால் சோறு விற்கிறாள். மூன்று கடையிலும் வாங்கி ஒரே மேஜையில் வைத்துச் சாப்பிடலாம்.

மார்க்கெட்டிலிருந்து இன்னும் ஆறு நிமிஷம் நடந்தால் ஊரின் மத்தியப் பகுதி. அங்கே கார் நுழைய முடியாத கடைத்தெரு ஒன்று இருக்கிறது. 1974 முதல் நடந்துவரும் பொதுஜனப் புத்தகசாலை அங்கேதான். பஸ் நிலையமும் ரயில் நிலையமும் ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கின்றன. சிங்கப்பூரின் முதல் பெருவிரைவு ரயில் 1987-ஆம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி ஓடத் தொடங்கியபோது, அந்த முதல் பாதையின் ஒரு கோடி தோ பாயோதான்.

இப்படி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் அமைந்திருப்பது தற்செயலாக நேர்ந்ததன்று. ஊரைச் சில பேட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பேட்டைக்கும் கடை, பள்ளிக்கூடம், சந்தை என்று முதலிலேயே இடம் குறித்துவிட்டுத்தான் வீடுகளைக் கட்டினார்கள். இங்கேதான் உயரத்தின் உபயோகம் வெளிப்படுகிறது. ஒரு மளிகைக் கடை பிழைக்க வேண்டுமானால் சில நூறு குடும்பங்கள் வாடிக்கையாக வாங்க வேண்டும். அந்தக் குடும்பங்கள் தனித்தனித் தோட்ட வீடுகளில் பரவியிருந்தால் கடை அவர்களுக்கு ஒரு மைலுக்கு அப்பால்தான் இருக்கும். அடுத்தடுத்து நாலைந்து கட்டிடங்களில் அடங்கியிருந்தால் கடை காலடியில் இருக்கும். பஸ்ஸுக்கும் அப்படித்தான். நிறுத்தத்தில் முப்பது பேர் நின்றால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் விடலாம். மூன்று பேர் நின்றால் அரை மணிக்கு ஒன்று விடுவதும் நஷ்டந்தான். நெருக்கம் என்று நாம் பயப்படும் அந்த விஷயமே கடையையும் பஸ்ஸையும் வைத்தியரையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது.

வெயிலும் மழையும் நடையின் சத்துருக்கள் என்பதையும் அங்கே மறக்கவில்லை. ரயில் நிலையங்களிலிருந்து 400 மீட்டர் தூரத்துக்குள் உள்ள முக்கிய இடங்களைக் கூரையுள்ள நடைபாதைகளால் இணைக்கும் திட்டம் ஒன்றை 2013-ல் ஆரம்பித்து, சுமார் 200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரை போட்டார்கள். நடைபாதை என்றால் உண்மையிலேயே நடப்பதற்கான பாதை. நடுவில் மின்சாரக் கம்பமோ, கடைக்காரரின் பெஞ்சோ, திறந்த சாக்கடையோ குறுக்கிடுவதில்லை.

கார் வைத்திருப்பதோ அங்கே மிகுந்த செலவு பிடிக்கும் ஆசை. 1990 முதல், கார் வாங்குகிறவர் காரின் விலை போகப் பத்து வருஷத்துக்கு வண்டி ஓட்டும் உரிமைச் சான்றிதழையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023-ஆம் வருஷம் அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழின் விலை மட்டும் 1,50,000 சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. பணக்காரருக்கு மட்டுமே கார் என்றாகிவிடுகிறதே என்று குறை கூறுகிறவர்கள் அங்கேயும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் கார் இல்லாதவன் முடவனாக்கப்படவில்லை என்பதைக் கண்கூடாகப் பார்த்தேன்.

பல ஜாதி, ஒரே மாடிப்படி

சிங்கப்பூர்ப் பிரஜைகளிலும் நிரந்தரவாசிகளிலும் பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் இந்தக் கழக வீடுகளில்தான் வசிக்கிறார்கள். ஏழைகளுக்கு மட்டும் கட்டிய வீடுகள் அல்ல அவை. பள்ளிக்கூட உபாத்தியாயரும், பஸ் ஓட்டுபவரும், பாங்கி அதிகாரியும் ஒரே லிப்டில் ஏறுகிறார்கள். பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள் அல்லர். 1964-ல் வீடுகளை விலைக்கு விற்கும் திட்டம் வந்தது. 1968 முதல் சம்பளத்திலிருந்து பிடிக்கும் சேமநிதியைக் கொண்டே விலையைக் கட்டலாம் என்று அனுமதித்தார்கள்.

சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று மூன்று இனத்தாரும் கலந்து வாழ வேண்டும் என்பதற்காக 1989-ல் ஒரு சட்டமும் செய்தார்கள். ஒவ்வொரு கட்டிடத்திலும் ஒவ்வொரு பேட்டையிலும் இன்ன இனத்தார் இத்தனை சதவிகிதத்துக்கு மேல் போகக்கூடாது என்று அது வரையறுக்கிறது. தனித்தனிச் சேரிகளாகப் பிரிந்துபோகாமல் இந்தச் சட்டம் தடுத்திருக்கிறது. ஆனால் சிறுபான்மையினருக்கு இதனால் ஒரு கஷ்டமும் உண்டு. ஒரு கட்டிடத்தில் சீனர்களின் அளவு நிரம்பிவிட்டால், அங்குள்ள தமிழர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குகிறவர்கள் குறைவதால் விலையும் குறையலாம். "கலந்து வாழ்வதற்கு நாங்கள் கொடுக்கும் வரி இது" என்று அத்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் சிரிப்பில் முழு மனசும் இல்லை.

தோ பாயோவுக்குள்ளேயே வைரவிமட காளியம்மன் கோயில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் பழமையான சுவாங் லின் பௌத்த மடாலயமும் இருக்கிறது. புதிய நகரங்களில் மசூதி கட்டுவதற்கென்று முஸ்லிம் தொழிலாளர்கள் மாதந்தோறும் கொடுத்த சிறு தொகைகளால் எழுந்த முதல் மசூதியும் 1977-ல் இங்கேதான் எழுந்தது. மூன்றையும் ஒரே காலையில் நடந்தே பார்த்துவிட்டு வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டேன்.

எல்லாம் சுமுகமாகவே நடக்கிறது என்று சொன்னால் அது பொய். மேல் வீட்டில் அம்மி நகர்ந்தால் கீழ் வீட்டில் இடிக்கிறது. ஊதுவத்திப் புகையைப் பற்றியும், குழம்பு வாசனையைப் பற்றியும், ஈரத்துணி சொட்டுவதைப் பற்றியும் சச்சரவுகள் உண்டு. மூங்கில் கழிகளில் துணியைக் கோத்து ஜன்னலுக்கு வெளியே ஆகாயத்தில் நீட்டி உலர்த்துவது அந்த ஊர் வழக்கம். மேலேயிருந்து பொருள்களை எறிவது அங்கே சிறைத் தண்டனை பெறக்கூடிய குற்றம். பன்னிரண்டாவது மாடியிலிருந்து விழும் பூந்தொட்டி மனிதனைக் கொன்றுவிடுமல்லவா?

கணக்கின் மறுபக்கம்

இவ்வளவு பெருமை பேசிய பிறகு, இந்த வாழ்க்கைக்கு அந்த ஜனங்கள் கொடுத்திருக்கும் விலையையும் சொல்லுவதே நியாயம்.

முதலாவது, கம்பத்தை இழந்தது. கோழியும் தென்னையும் கிணற்றடியும் பழகியவர்களை எழுப்பி ஒன்பதாவது மாடியில் கொண்டுபோய் வைத்தபோது அநேகர் விருப்பத்தோடு போகவில்லை. வீட்டுக்குள் கழிவறை, குழாயைத் திறந்தால் தண்ணீர், தீ பயமில்லாத சுவர் இவையெல்லாம் கிடைத்தன. தலைமுறைகளாகக் கூடியிருந்த அக்கம்பக்கம் சிதறிப்போயிற்று.

இரண்டாவது, வீடு சொந்தம் என்பதன் அர்த்தம். கழகம் விற்பது 99 வருஷக் குத்தகை. காலம் முடிந்ததும் வீடு சர்க்காரைச் சேர வேண்டும். 1960-களில் தொடங்கிய குத்தகைகளில் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது. பழைய கட்டிடங்களைச் சர்க்காரே முன்கூட்டி எடுத்துக்கொண்டு பதிலுக்குப் புது வீடு தரும் திட்டம் ஒன்று 1995-ல் வந்தது. ஆனால் எல்லாக் கட்டிடங்களுக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்காது என்று 2017-ல் மந்திரியே எச்சரித்தார். 2020-ஆம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி கேலாங் என்ற பகுதியில் 191 வரிசை வீடுகளின் 60 வருஷக் குத்தகை முடிந்தது. அவை கழகம் கட்டியவை அல்ல என்றாலும், நஷ்ட ஈடு இல்லாமல் நிலம் சர்க்காரிடம் திரும்பியதைத் தீவு முழுவதும் கவனித்தது. ஆயுள் முழுவதும் உழைத்து வாங்கிய வீட்டைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுப் போகலாமா என்ற கவலை இன்று தோ பாயோவின் காப்பிக் கடைகளில் பேசப்படுகிறது.

மூன்றாவதுதான் என் மனசை அதிகமாகத் தொட்டது. அது முதுமை. அந்நாளில் கைக்குழந்தையோடு குடிவந்தவர்கள் இன்று எழுபதும் எண்பதும் தாண்டியவர்கள். பிள்ளைகள் வேறு நகரங்களில் புது வீடுகளுக்குப் போய்விட்டார்கள். பழைய கட்டிடங்களில் அந்தக் காலத்தில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. சில மாடிகளுக்கு ஒருமுறைதான் நிற்கும். மற்ற மாடிக்காரர்கள் ஏறியோ இறங்கியோ போக வேண்டும். முப்பது வயதில் அது விளையாட்டு. எழுபது வயதில் சிறைவாசம். 2001-ல் ஆரம்பித்த ஒரு திட்டத்தினால் பெரும்பாலான கட்டிடங்களில் மாடிக்கு மாடி லிப்ட் நிற்கும்படி செய்தார்கள். இருந்தாலும் தனியாக வாழும் முதியவர்களின் தொகை வளர்ந்துகொண்டே வருகிறது. சில நாள் கழித்துத்தான் மரணம் தெரிந்தது என்ற செய்திகளும் அவ்வப்போது பத்திரிகையில் வருகின்றன.

என் தமக்கையின் எதிர் வரிசையில் ஒரு சீனப் பாட்டி தனியாக இருக்கிறாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. என் தமக்கைக்குச் சீனம் தெரியாது. இருவரும் உடைந்த மலாயில் பேசிக்கொள்வார்கள். தினமும் காலை ஆறரை மணிக்குப் பாட்டி கதவைத் திறந்து வாசலில் ஊதுவத்தி ஏற்றுவாள்; அதே நேரத்தில் என் தமக்கை வாசலில் சிறு கோலம் போடுவாள். நான் போவதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் ஏழு மணியாகியும் கதவு திறக்கவில்லையாம். என் தமக்கை கதவைத் தட்டிப் பார்த்தாள். பதில் இல்லை. ஜன்னலில் காதை வைத்துக் கேட்டபோது முனகல் கேட்டது. அத்தான் ஆம்புலன்சுக்கு டெலிபோன் செய்தார். பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தாள். இப்போது கோலூன்றி நடமாடுகிறாள். ஊதுவத்தியும் தவறாமல் ஏற்றுகிறாள்.

"அன்றைக்கு நீ கவனிக்காமல் இருந்திருந்தால்?" என்று கேட்டேன்.

"எப்படிக் கவனிக்காமல் இருக்க முடியும்? வாசலுக்கு வந்தால் அவள் வாசல் தெரிகிறதே!" என்றாள் என் தமக்கை.

அவள் சாதாரணமாகச் சொன்ன அந்தப் பதிலில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. அவர்களுடைய கட்டிடம் பழைய மாதிரியானது. ஒரு மாடியிலுள்ள வீடுகளுக்கெல்லாம் பொதுவாக நீண்ட தாழ்வாரம் ஒன்று உண்டு. எல்லார் வாசலும் அதில்தான் திறக்கும். மார்க்கெட்டுக்குப் போகிறவர் நாலு வாசலைக் கடந்துதான் லிப்டுக்குப் போக வேண்டும். அந்தத் தாழ்வாரம் ஆகாயத்தில் கட்டிய தெரு. பிற்காலத்தில், ஏகாந்தத்தை ஜனங்கள் விரும்பினார்கள் என்று, ஒரு மாடிக்கு நாலைந்து வீடுகளே உள்ள ஒடுங்கிய கோபுரங்களைக் கட்டினார்கள். 2009-ல் முடிந்த டக்ஸ்டன் கட்டிடத் தொகுதி 50 மாடிகளுடன் ஏழு கோபுரங்களாக நிற்கிறது; 1,848 வீடுகள். கோபுரங்களை 26-ஆம் மாடியிலும் 50-ஆம் மாடியிலும் பாலங்களால் இணைத்துப் பூங்காவும் அமைத்திருக்கிறார்கள். பார்க்க அற்புதமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், எதிர் வாசல் திறக்கவில்லை என்று யார் கவனிப்பார்கள் என்ற கேள்வி என் மனசில் எழாமல் இல்லை.

நாம் கேட்க வேண்டியவை

புறாக்கூண்டு என்று ஏசுகிறவர்களுக்கும், மேலே போவதுதான் முன்னேற்றம் என்கிறவர்களுக்கும் தோ பாயோ ஒரே பதிலைச் சொல்லுகிறது. மாடியின் எண்ணிக்கையில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. கீழே இறங்கினால் உட்கார நிழல் இருக்கிறதா, நடக்கப் பாதை இருக்கிறதா, நடந்துபோய்ச் சேருவதற்கு மார்க்கெட்டும் பள்ளிக்கூடமும் வைத்தியரும் இருக்கிறார்களா, வாசலைத் திறந்தால் இன்னொருவர் வாசல் தெரிகிறதா என்பவற்றில்தான் எல்லாம் இருக்கிறது. இவை இருந்தால் இருபதாவது மாடியும் ஊர்தான். இல்லாவிட்டால் தரையில் தோட்டத்தோடு கட்டிய பங்களாவும் தனிச் சிறைதான்.

நம்முடைய குடும்பங்களில் இன்று பலர் அடுக்கு வீடு வாங்குவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். விலை என்ன, சதுர அடி எத்தனை, சமையலறை எந்தத் திசையில் என்று கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். கூடவே இன்னும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். "கார் ஓட்டத் தெரியாத என் தாயார் இங்கே யாரையும் எதிர்பார்க்காமல் ஒருநாள் பொழுதைக் கழிக்க முடியுமா? ஒருநாள் காலையில் அவள் கதவு திறக்காவிட்டால் ஏழு மணிக்குள் யாராவது வந்து தட்டுவார்களா?"

கட்டிடக்காரர்களிடம் இதற்குப் பதில் இல்லையென்றால், வீட்டைப் பார்த்தது போதும் என்று எழுந்து வந்துவிடலாம்.